வித்தைக்காரி வேடம்

“மிஸ், எங்க புள்ளைகளுக்கு நீங்க சூனியம் சொல்லிக் குடுக்குறீங்களாமே, மெய்தானா?”

ஒரு சனிக்கிழமை பின்னேரம். பன்வில பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்து வாசலில் நின்றுகொண்டு அந்தத் தாய் இப்படிக் கேட்டார். இடுப்பில் கட்டிய படங்கை இன்னும் அவிழ்க்கவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறார் என்று தெரிந்தது. உள்ளே மேசையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள். மேசைமேல் கடதாசி, பென்சில், பல முகங்கள் கொண்ட தாயக்கட்டைகள். அவருடைய மகள் அப்போதுதான், “நான் மந்திரம் போடுறேன்!” என்று உரக்கச் சொல்லியிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. தோட்டத்தில் சூனியம், செய்வினை என்பவை விளையாட்டுச் சொற்கள் அல்ல. அந்தச் சொற்களால் ஒரே லயத்தில் இருந்த இரண்டு வீட்டார் வருடக்கணக்கில் முகம் பாராமல் இருந்ததை என் வேலையில் கண்டிருக்கிறேன். “உள்ள வந்து இருங்கக்கா. தேத்தண்ணி குடிச்சிட்டு, பாத்துட்டுச் சொல்லுங்க” என்றேன். அவர் வந்து சுவரோரமாக அமர்ந்தார்.

சகோதரிகளே, அவருக்கு அன்று சொன்னதையும் பின்னர் நான் கற்றுக்கொண்டதையும் உங்களுடனும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்த விளையாட்டு எங்களுக்கு வந்தது என் அக்காவின் மகன் மூலம். டொரொன்டோவில் படிக்கும் அவன் விடுமுறைக்கு வந்திருந்தபோது எனக்கு இதைப் பழக்கினான். போகும்போது ஒரு சிறு பை நிறையத் தாயக்கட்டைகளையும், அச்சிட்ட விதிகளையும் விட்டுச் சென்றான். ‘டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்பது இதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974ஆம் ஆண்டு வெளியானது. இன்று உலகின் பல நாடுகளில் இளையோரும் பெரியோரும் ஆடுகிறார்கள். இதன் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தின் கீழ் விடப்பட்டன. ஆகவே காசு செலவில்லை.

ஆடுவது எப்படி? ஒருவர் கதை சொல்பவர். எங்கள் மேசையில் அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிறார்கள். “நீங்கள் காட்டுப் பாதையில் போகிறீர்கள். எதிரே ஆறு. பாலம் உடைந்து கிடக்கிறது. என்ன செய்வீர்கள்?” என்று நான் கேட்பேன். அவர்கள் தாம் செய்வதைச் சொல்வார்கள். அது முடியுமா முடியாதா என்பதை 20 முகத் தாயக்கட்டை தீர்மானிக்கும். ஒருவரை ஒருவர் வெல்லும் ஆட்டம் அல்ல இது. குழுவாகத் தப்பிப் பிழைத்து, குழுவாகக் கரைசேர வேண்டும்.

“பாத்திரம் உருவாக்குதல்” என்று நான் சொன்னபோது பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. “வேஷம் கட்டுறது மாதிரி” என்றேன். உடனே விளங்கிவிட்டது. மாசி மாதத்தில் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அல்லவா? மன்மதனாக, ரதியாக, வீரபத்திரனாக வேடம் கட்டி நின்றால், நேற்றுவரை பக்கத்து லயத்து மாமாவாக இருந்தவர் வேறு ஒருவராகிவிடுகிறார். அதே காரியத்தை இங்கே கடதாசியிலும் பேச்சிலும் செய்கிறோம்.

மூத்த பையன் வாள்வீரன் ஆனான். அவன் தம்பி வேட்டைக்காரன். ஒரு பிள்ளை காயங்களை ஆற்றும் மருத்துவச்சி. எல்லாரிலும் இளையவள், பதின்மூன்று வயது, வாயே திறக்காதவள். அவள் பூட்டுத் திறப்பதிலும் ஓசையின்றி நடப்பதிலும் கெட்டிக்காரியான ஒருத்தியின் வேடத்தைத் தேர்ந்தாள். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வரும் அந்தத் தாயின் மகள், “எனக்கு மந்திரவாதி” என்றாள். இந்த விளையாட்டில் மந்திரவாதிக்கு வித்தை பிறப்பால் வருவதில்லை. பேயும் தெய்வமும் தருவதுமில்லை. படித்து, ஏட்டில் எழுதி, மனனம் செய்து பெறுவது. இதை அந்தத் தாய்க்கு விளக்கியபோது அவர் முகம் தெளிந்தது. “அப்ப படிச்சவன்னு சொல்லுங்க” என்றார். அன்று முதல் எங்கள் மேசையில் அந்தப் பாத்திரத்துக்கு ‘வித்தைக்காரி’ என்றே பெயர்.

இனி, அவள் முதலில் கட்டிய வேடத்தைப் பாருங்கள்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்கள் உண்டு: பலம், சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், வசீகரம். 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை இவற்றுக்குப் பங்கிட வேண்டும். வித்தைக்கு அறிவுதான் ஆதாரம் என்பதால் 15ஐ அறிவுக்குக் கொடுத்தாள். அது சரி. ஆனால் 8ஐத் தாங்கும் சக்திக்குப் போட்டாள். “என் மந்திரத்துக்கு முன்னால யார் கிட்ட வருவா?” என்றாள். அதனால் அவளுடைய உயிர்ப் புள்ளிகள் ஐந்துதான். ஒரு நல்ல அடி விழுந்தால் சாய்ந்துவிடுவாள்.

அடுத்தது ஏடு. தொடக்கத்தில் ஆறு மந்திரங்கள் எழுதலாம். அடிப்பதற்கு மூன்று, ஆட்களைப் பேசி மயக்குவதற்கு ஒன்று, வேவு பார்க்க ஒரு சிறு பிராணியை வரவழைப்பதற்கு ஒன்று, உறங்க வைப்பதற்கு ஒன்று என்று எழுதினாள். வாள்வீரனின் வேலை, வேட்டைக்காரனின் வேலை, இளையவளின் வேலை எல்லாம் அவள் ஏட்டிலேயே அடங்கிவிட்டன. ஆனால் முதல் நிலையில் பெரிய மந்திரம் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் போடலாம். சற்று ஓய்வெடுத்தால் ஒன்றை மீட்கலாம். எல்லாம் ஏட்டில் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அவளே நிற்க முடியாது.

இரண்டாவது கிழமை அது வெளிப்பட்டது. இரண்டு வழிப்பறிக்காரர்கள் வழிமறித்தார்கள். ஆளுக்கு 11 உயிர்ப் புள்ளிகள். வாள்வீரன் அவர்களோடு பொருதிக் காயப்பட்டு, 3 புள்ளிகளோடு நின்றான். “நான் பாத்துக்கிறேன்” என்று அவள் உறக்க மந்திரத்தைப் போட்டாள். எட்டு முகக் கட்டையை ஐந்து முறை உருட்டிக் கூட்டினோம். 24 வந்தது. கைதட்டினாள். ஆனால் நாங்கள் ஆடும் விதிப்படி, அந்த மந்திரம் எல்லைக்குள் நிற்பவர்களில் மிகக் குறைந்த புள்ளி உள்ளவரைத்தான் முதலில் உறங்க வைக்கும். நண்பன், பகைவன் என்று பார்க்காது. வாள்வீரன் முதலில் விழுந்தான். 24இல் 3 போக 21. ஒரு வழிப்பறிக்காரன் விழுந்தான். 21இல் 11 போக மிச்சம் 10. மற்றவனுக்கு 11 வேண்டும். ஒரு புள்ளி குறைவு. அவன் விழவில்லை. நேரே அவளிடம் வந்தான். ஐந்து புள்ளிகள் எத்தனை நேரம் தாங்கும்?

வாள்வீரனை எல்லைக்கு வெளியே வரச் சொல்லிவிட்டுப் போட்டிருந்தால் இருவருமே உறங்கியிருப்பார்கள். “கொஞ்சம் தள்ளி நில்லு” என்ற ஒரு வார்த்தை. அதைக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. வாள்வீரனான பையன் கோபித்துக்கொண்டு பென்சிலை வைத்துவிட்டான். இளையவளோ, இரண்டு கிழமையாகியும் ஒரு தடவைகூடக் கட்டையைத் தொட்டிருக்கவில்லை. அவளுடைய முறை வரும்போதெல்லாம் அக்கா முந்திக்கொண்டு செய்துவிடுகிறாள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நாட்களில் ஜோர்ஜ் ஹெர்பர்ட் மீட் என்ற அறிஞரைப் பரீட்சைக்காகப் படித்தேன். அவர் இறந்த பின், 1934இல் வெளியான நூலில் பிள்ளைகளின் விளையாட்டை அவர் இரண்டாகப் பிரிப்பதைக் காணலாம். சின்னப் பிள்ளை ஒரு நேரத்தில் ஒரு வேடத்தை மட்டும் எடுக்கிறது. இப்போது அம்மா, பிறகு கடைக்காரர். அது முதற் கட்டம். வளர்ந்தபின் குழுவாக ஆடும் ஆட்டத்தில், தன் இடத்தில் நிற்கும்போதே மற்ற எல்லாருடைய வகிபாகத்தையும் மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. மீட் சொன்ன உதாரணம் பேஸ்போல். நமக்கு எல்லே ஆட்டத்தை எண்ணிக்கொள்ளலாம். பந்தைப் பிடித்தவர், அடுத்து அதை வாங்க யார் எங்கே நிற்கிறார் என்று தெரியாவிட்டால் பிடித்தும் பயனில்லை. பரீட்சையில் இதற்கு நல்ல புள்ளி வாங்கினேன். அதன் பொருள் என் வாழ்க்கைக்கு எட்ட வெகு காலமாயிற்று.

அதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குடும்பத்தின் மூத்த மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கவில்லை. சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை எடுப்பது சிரமம். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்பார்கள். காலங்கடந்த பதிவுக்கான அத்தனை வேலையையும் நானே செய்தேன். எந்த அலுவலகம், எந்தப் படிவம், யாருடைய கடிதம் என்றெல்லாம் தேடி, நிரப்பி, தாயிடம் கையெழுத்து மட்டும் வாங்கி, சான்றிதழைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அந்தத் தாய் என் இரண்டு கைகளையும் பிடித்து அழுதார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சில வருடங்களின் பின் அதே வீட்டில் இளைய மகனுக்கும் அதே தேவை வந்தது. நான் அப்போது பிரசவ விடுமுறையில் இருந்தேன். எங்கே போவது, எதை எடுத்துச் செல்வது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. “மிஸ் வரட்டும்” என்று காத்திருந்தார்கள். நான் திரும்பி வந்தபோது அவன் படிப்பை விட்டுக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். பரீட்சை எழுதவேயில்லை. யாரையும் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. வழியைக் காட்டாமல் காரியத்தை முடித்துக் கொடுத்தவள் நான்தான். அந்த வீட்டில் நான் வித்தைக்காரியாக நின்று, எல்லாருடைய முறையையும் நானே ஆடியிருந்தேன்.

ஆகவே மூன்றாவது கிழமை பிள்ளைகளிடம், “வேடங்களை மறுபடி கட்டுவோம். இந்தத் தடவை தனித்தனியாக அல்ல, எல்லாரும் சேர்ந்து” என்றேன். முதலில் ஒவ்வொருவரும் தன்னால் எது நன்றாக முடியும், எது முடியாது என்று சொல்ல வேண்டும். வித்தைக்காரி கடைசியாகத்தான் பேச வேண்டும். மற்றவர்கள் சொன்னவற்றில் எங்கே இடைவெளி இருக்கிறதோ, அங்கேதான் அவளுடைய ஏடு தொடங்க வேண்டும்.

சுவரோரம் அமர்ந்திருந்த தாய்தான் அதற்கு நல்ல விளக்கம் தந்தார். “நெரை புடிச்சு எடுக்கிறப்ப கைச்சுறுக்கு உள்ளவ முன்னாடி முடிச்சிருவா. முடிச்சவ பக்கத்து நெரைக்குக் கை குடுப்பா. அதுக்காக அவளோட கூடையைப் புடுங்கிக்க மாட்டாளே” என்றார் மகளைப் பார்த்து. நான் ஒரு மணித்தியாலம் கதைத்தும் சொல்ல முடியாததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

புதிய வேடம் இப்படி அமைந்தது. அறிவுக்கு 15 அப்படியே. தாங்கும் சக்திக்கு 14. சுறுசுறுப்புக்கு 13. பலத்துக்கு 8 போதும், பாரம் தூக்க வாள்வீரன் இருக்கிறான். உயிர்ப் புள்ளிகள் எட்டாயின. தாங்கும் சக்திக்கு இன்னொரு பயனும் உண்டு. சில மந்திரங்களை மனம் ஒன்றிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அப்படிப் பிடிக்கலாம். அடிபட்டால் பிடி நழுவக்கூடும். அதைத் தடுப்பது தாங்கும் சக்திதான். படித்தவளுக்கும் உடம்பு வேண்டும் என்று விதியே சொல்கிறது! பரீட்சைக் காலத்தில் சாப்பாட்டை மறக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

ஏட்டிலும் மாற்றம். தரையை வழுக்கலாக்குவது ஒன்று. பகைவன் சறுக்கி விழுந்தால், கிட்ட நின்று தாக்கும் வாள்வீரனுக்கு இரண்டு தடவை கட்டை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளும் வாய்ப்புக் கிடைக்கிறது. மூடுபனியை வரவழைப்பது ஒன்று. பனி நம்மையும் மறைக்கும், எதிரியையும் மறைக்கும். எப்போது நல்லது, எப்போது கெட்டது என்று நக்கிள்ஸ் மலைப் பனியில் பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. உயரத்திலிருந்து விழுபவர்களை இறகுபோல மெல்ல இறக்குவது ஒன்று. ஒரே தடவையில் ஐந்து பேரைக் காக்கும். எங்கள் குழுவும் ஐந்து பேர்தான்! மந்திரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டறிவது ஒன்று. பத்து நிமிடம் கூடுதலாக எடுத்து நிதானமாகச் செய்தால், அன்றைய இரண்டு தடவைக் கணக்கில் இது சேராது. அம்பு, வாள் படாமல் உடலைக் காக்கும் கவசம் ஒன்று. உறக்க மந்திரத்தையும் வைத்துக்கொண்டாள், “தள்ளி நில்லு” என்று சொல்லக் கற்றுக்கொண்ட பிறகு. அடிப்பதற்கு, எத்தனை தடவையும் போடக்கூடிய சின்னத் தீப்பொறி போதும் என்றாள்.

சில வாரங்களில் அவர்கள் மூன்றாம் நிலைக்கு உயர்ந்தார்கள். வித்தைக்காரிக்குப் புதிய மந்திரங்கள் எழுத நேரம் வந்தது. எந்தப் பூட்டையும் திறக்கும் மந்திரம் ஒன்று பட்டியலில் இருந்தது. அவள் அதிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மந்திரத்துக்கு ஒரு குறை உண்டு. போட்டால் 300 அடி தூரத்துக்குக் கேட்கும்படி தட்டுகிற சத்தம் எழும். அவள் அந்த வரியை வாசித்தாள். பின்னர் இளையவளை நிமிர்ந்து பார்த்தாள். “நீ சத்தமில்லாமத் திறப்பதானே?” என்று கேட்டாள். இளையவள் தலையாட்டினாள். “அப்ப இது எனக்கு வேணாம்” என்று சொல்லி, தொட்டவரை ஒரு மணித்தியாலம் வரை மறைத்து வைக்கும் மந்திரத்தை எழுதினாள். தனக்காக அல்ல.

அடுத்த சனிக்கிழமை பாழடைந்த துரை பங்களாவில் ஓர் இரும்புப் பெட்டி. காவலுக்கு ஆட்கள். வித்தைக்காரி இளையவளைத் தொட்டு மறைத்தாள். இளையவள் உள்ளே போனாள். அன்றுதான் முதன்முதலாக எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் கட்டை உருட்டுவதைப் பார்த்தார்கள். அதே நேரம் வெளியே ஒரு காவலன் எய்த அம்பு வித்தைக்காரியின் தோளில் பட்டது. பிடி நழுவினால் உள்ளே இருப்பவள் வெளிப்பட்டுவிடுவாள். பத்து வேண்டும். கட்டையில் விழுந்தது ஒன்பது. தாங்கும் சக்திக்கு இரண்டு கூட்டினால் பதினொன்று. பிடி நழுவவில்லை! பழைய வேடமாக இருந்தால் ஒன்று குறைந்து எட்டாகியிருக்கும். வாள்வீரன் தன் முறையில் பகைவனை அடிக்கப் போகாமல் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். யாரும் அவனிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்தது இளையவள். வித்தைக்காரி அன்று யாரையும் அடிக்கவில்லை, ஒரு பூட்டையும் திறக்கவில்லை. ஓரிடத்தில் நின்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். கூத்தில் தப்பு அடிப்பவர் வேடம் கட்டுவதில்லை. ஆனால் தப்பு நின்றால் ஆட்டமும் நின்றுவிடும் என்பது ஆடுபவர்களுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டிலோ மாதர் சங்கத்திலோ சிறுவர் கழகத்திலோ இதை ஆடிப் பார்க்க விரும்பினால் தாயக்கட்டைகள்கூட வேண்டியதில்லை. 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த சீட்டை மறுபடி டின்னில் போட்டுவிட வேண்டும். நான்கைந்து பேர் போதும். கதையை உங்கள் ஊரிலிருந்தே எடுங்கள். வேடம் கட்டும் நாளில் எல்லாரையும் ஒன்றாக இருத்துங்கள். மிகக் கெட்டிக்காரப் பிள்ளையைக் கடைசியாகப் பேசச் சொல்லுங்கள். மிக அமைதியான பிள்ளைக்கு மட்டுமே முடியக்கூடிய ஒரு காரியத்தைக் கதையில் வையுங்கள்.

என் வேலையிலும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். அண்மையில் இன்னொரு வீட்டில் பிறப்புப் பதிவுத் தேவை வந்தது. இந்தத் தடவை படிவத்தை நிரப்பியது அந்த வீட்டு மகள். அலுவலகத்தில் பேசியது தகப்பன். நான் பின்வாங்கில் அமர்ந்திருந்தேன். ஒரு கடிதம் குறைந்ததால் திரும்ப வேண்டியதாயிற்று. நானாக இருந்தால் ஒரு நாளில் முடித்திருப்பேன். அவர்களுக்கு மூன்று நாட்கள், மூன்று தடவை பஸ் காசு. அது அவர்களுக்குச் சின்னத் தொகையல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மகள், தேவையான பத்திரங்களின் பட்டியலைத் தன் அப்பியாசக் கொப்பியில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். கடந்த வாரம் மேல் லயத்திலிருந்து ஒருவர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனாராம்.